முத்திரைத்தாள் இல்லையென்றால் ஒப்பந்தமே இல்லையா? தாராவியிலிருந்து ஒரு கேள்வி

3 ஆகஸ்ட் 2025, இரவு 9.20. கேள்வி (வாசகர், தாராவி)

தாராவியில் தோல் பை தைக்கும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். பெங்களூருவில் கடை வைத்திருக்கும் ஒருவர் 300 ஃபைல் பைகள் கேட்டார். விலை பேசி முடித்தோம். 20,000 ரூபாய் முன்பணம் அனுப்பினார். பையின் மூடியில் அவருடைய கடைப் பெயரை அச்சுக் குத்தி 120 பைகள் தைத்து முடித்த பிறகு, வேறு இடத்தில் குறைந்த விலைக்குக் கிடைப்பதால் வேண்டாம் என்கிறார். முன்பணத்தையும் திருப்பிக் கேட்கிறார். "முத்திரைத்தாளில் எழுதினோமா, கையெழுத்துப் போட்டோமா? எழுதாத பேச்சு சட்டத்தில் செல்லாது" என்பது அவர் வாதம். எங்கள் வரிசையில் இருக்கும் பெரியவர்களும் அவர் சொல்வது சரி என்கிறார்கள். உண்மையா?

3 ஆகஸ்ட், இரவு 10.45

உண்மை அல்ல. மும்பையின் கோட்டைப் பகுதியில் வழக்கறிஞர் குமாஸ்தாவாக வேலை பார்த்துவரும் எனக்கு, இந்த ஒரு தவறான நம்பிக்கையால் நியாயமான பணத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் போனவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த உடன்பாடு சட்டப்படி ஒப்பந்தமாகும் என்பதை அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. இரு தரப்பும் மனமார, கட்டாயமின்றிச் சம்மதித்திருக்க வேண்டும். இருவரும் ஒப்பந்தம் செய்யத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும். ஒருவர் கொடுப்பதற்கு ஈடாக மற்றவரிடமிருந்து ஏதேனும் ஒரு மறுபயன் இருக்க வேண்டும். அந்த மறுபயனும் ஒப்பந்தத்தின் நோக்கமும் சட்டத்துக்கு உட்பட்டவையாக இருக்க வேண்டும். சட்டமே செல்லாது என்று அறிவித்துவிட்ட வகைகளில் ஒன்றாக அது இருக்கக் கூடாது. எழுத்து, கையெழுத்து, முத்திரைத்தாள் ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. வேறு ஏதாவது சட்டம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று கேட்டால் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று மட்டும் அதே பிரிவு சொல்லி வைத்திருக்கிறது. பொருள் விற்பனைக்கு அப்படிக் கேட்கும் சட்டம் எதுவும் இல்லை; 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 5ஆம் பிரிவில், வாய்மொழியாகவும் எழுத்திலும் பாதி பாதியாகவும், ஏன், இருவரின் நடத்தையிலிருந்தும்கூட விற்பனை ஒப்பந்தம் உருவாகலாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

ஆனால் உங்கள் பேச்சில் ஒப்பந்தம் எந்த இடத்தில், யார் வாயால் முடிவானது என்பது தெரியாமல் மேற்கொண்டு சொல்ல முடியாது. முதல் செய்தியிலிருந்து கடைசிச் செய்தி வரை, நடுவில் பேசிய தொலைபேசி அழைப்புகளையும் சேர்த்து, நடந்த வரிசையிலேயே எழுதுங்கள். எதையும் சுருக்க வேண்டாம்.

4 ஆகஸ்ட், காலை 7.10

"முத்திரை இல்லாத தாள் நீதிமன்றத்தில் எடுபடாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது, நீங்கள் ஏன் குழப்புகிறீர்கள்?" என்று செம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். எடுபடாது என்பதும் செல்லாது என்பதும் வெவ்வேறு. முத்திரைத் தீர்வை அரசுக்குச் சேர வேண்டிய வரி. தீர்வை கட்ட வேண்டிய ஆவணத்தில் அதைக் கட்டாமல் விட்டால், அந்த ஆவணத்தைச் சான்றாக ஏற்க நீதிமன்றம் மறுக்கும். கட்டாமல் விட்ட தீர்வையையும் அபராதத்தையும் கட்டிவிட்டால் ஏற்றுக்கொள்ளும். முத்திரை இல்லாத குறை சரிசெய்யக்கூடிய குறைதான், அதனால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு 2023 டிசம்பரில் தெளிவாக்கிவிட்டது. அது, தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே நடுவரிடம் தீர்த்துக்கொள்ளும் ஒப்பந்தங்களைப் பற்றிய வழக்கு என்றாலும், முத்திரைச் சட்டத்தின் இயல்பைப் பற்றி அது சொன்னது இங்கேயும் பொருந்தும்.

மேலும், பை வியாபாரத்தில் தாளே இல்லை. இல்லாத தாளுக்கு முத்திரை எங்கே ஒட்டுவது?

4 ஆகஸ்ட், இரவு 11.30

பட்டறைக்காரர் முழு வரிசையையும் அனுப்பியிருக்கிறார். ஒப்பந்தம் எப்படிப் பிறக்கிறது என்பதைக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது என்பதால், அவர் அனுமதியுடன் வரி வரியாகப் பார்க்கிறேன்.

முதல் செய்தி கடைக்காரருடையது: "ஃபைல் பை 300 வேண்டும், என்ன விலை?" இது விசாரிப்பு; இதில் யாரும் எதற்கும் கட்டுப்படவில்லை. பட்டறைக்காரரின் பதில்: "ஒன்று 420." இதுவும் விலை சொல்வது மட்டுமே. 1893இல் ஜமைக்காவிலிருந்து, அன்று பிரிட்டிஷ் காலனிகளின் மேல்முறையீடுகளுக்குக் கடைசி நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன ஹார்வி எதிர் ஃபேசி வழக்கில், நிலத்தின் குறைந்தபட்ச விலையைத் தந்தியில் தெரிவித்தது விற்கச் சம்மதித்ததாகாது என்று முடிவானது. கேட்ட கேள்விக்கு விலை சொன்னதாலேயே யாரும் விற்பனையாளராகிவிடுவதில்லை.

மூன்றாவது செய்தி: "390 என்றால் 300 எடுத்துக்கொள்கிறேன். 20ஆம் தேதிக்குள் வேண்டும்." இங்கேதான் முதல் முன்மொழிவு வருகிறது, அதுவும் கடைக்காரரிடமிருந்து. பட்டறைக்காரர் இதற்கு "சரி" என்று மட்டும் பதில் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. தொலைபேசியில் அழைத்து, "390க்குச் சரி, ஆனால் 25ஆம் தேதிதான் முடியும், ஆடி மாதத்தில் ஆட்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள்" என்றிருக்கிறார். ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஏற்பு என்பது முழுமையானதாகவும் நிபந்தனை இல்லாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. விலையை ஏற்றுத் தேதியை மாற்றியதால், கடைக்காரரின் முன்மொழிவு அந்த நொடியில் விழுந்துவிட்டது. அதன் இடத்தில் பட்டறைக்காரரின் புதிய முன்மொழிவு வந்து நின்றது.

அதற்குக் கடைக்காரர் அதே அழைப்பில், "ஆகட்டும், ஆரம்பியுங்கள்" என்று சொல்லி, அன்று மாலையே 20,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். ஒப்பந்தம் பிறந்தது அந்த "ஆகட்டும்" என்ற சொல்லில்.

இது வெறும் ஏட்டுப் பாகுபாடு அல்ல. கடைசி முன்மொழிவு யாருடையது என்பதைப் பொறுத்துத்தான் ஒப்பந்தம் எந்த ஊரில் பிறந்தது என்பது முடிவாகும். அகமதாபாத்திலிருந்து ஒரு நிறுவனம் காம்காவில் இருந்தவரிடம் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வாங்கத் தொலைபேசியில் பேசிய வழக்கில், ஏற்புச் சொல் முன்மொழிந்தவரின் காதில் விழும் இடமே ஒப்பந்தம் பிறந்த இடம் என்று உச்ச நீதிமன்றம் 1965இல் தீர்ப்பளித்தது. நீதிபதி ஹிதாயதுல்லா மட்டும் மாறுபட்டார். தபாலில் நடக்கும் ஏற்புக்கு விதி வேறு. நேருக்கு நேர் பேசுவதைப் போன்ற தொலைபேசிக்கு இதுதான் விதி. "ஆகட்டும்" என்ற சொல் தாராவியில் இருந்தவரின் காதில் விழுந்தது. எனவே மும்பையில் வழக்குத் தொடுக்க அவருக்கு வலுவான காரணம் இருக்கிறது. பெங்களூருவுக்கு அலைய வேண்டியதில்லை. பணம் வந்து சேர்ந்ததும் பை தைத்ததும் மும்பையில்தான் என்பது அதற்கு மேலும் வலுச் சேர்க்கிறது.

25ஆம் தேதி என்று பேசியதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மறுநாள் காலையில் கடைக்காரரிடமிருந்து வந்த செய்தியின் படத்தை அனுப்பினார்: "25 காலையிலேயே பார்சல் போட்டுவிடுங்கள், கல்லூரி திறக்கிறார்கள்." இந்த ஒரு வரி போதும். தேதியையும் சம்மதத்தையும் எதற்காக அவசரம் என்பதையும் அவரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

5 ஆகஸ்ட், மதியம் 1.05

மாதிரிப் பையின் படத்துக்குக் கடைக்காரர் கட்டைவிரல் உயர்த்திய குறியைப் போட்டது ஏற்பாகுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஆளி விதை விற்பனை ஒப்பந்தத்தின் படத்துக்கு விவசாயி ஒருவர் அந்தக் குறியைப் போட்டதைக் கையெழுத்துக்குச் சமமாகவே 2023இல் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. ஆனால் அதற்குக் காரணம், முந்தைய ஒப்பந்தங்களையும் அவர் "சரி" போன்ற ஒற்றைச் சொற்களால் உறுதிசெய்து, சரக்கையும் ஒழுங்காக அனுப்பிவந்த பழக்கம். நம் நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. இங்கே அந்தக் குறி தேவைப்படவும் இல்லை; ஒப்பந்தம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. நூலின் நிறமும் வாரின் நீளமும் அவருக்குப் பிடித்திருந்தன என்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

6 ஆகஸ்ட், இரவு 10.00

மாட்டுங்காவிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "வாய்ப்பேச்சே போதும் என்றால், நான் வாடகைக்கு விட்ட வீட்டுக்கும் பேச்சே போதுமா? 11 மாதத்துக்குத்தானே, பதிவு தேவையில்லை என்று புரோக்கர் சொன்னார். நோட்டரி முத்திரை மட்டும் வாங்கியிருக்கிறோம்."

போதாது. 3ஆம் தேதிக் குறிப்பில், வேறு சட்டம் எழுத்தைக் கேட்டால் கட்டுப்பட வேண்டும் என்று எழுதியதன் பொருள் இதுதான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம் என்பது நாடு முழுவதற்குமான விதி. அதிலிருந்து தப்பத்தான் பதினொரு மாதம் என்ற வழக்கம் எல்லா ஊர்களிலும் வேரூன்றியது. மகாராஷ்டிரத்தில் அந்தக் கணக்கு எடுபடாது. 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 55ஆம் பிரிவில், லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம், அதாவது வீட்டில் குடியிருக்க அனுமதி தரும் ஒப்பந்தம், எத்தனை மாதத்துக்கானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்யப்பட வேண்டும் என்கிறது. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது; தவறினால் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அதைவிட முக்கியமானது, பலருக்கும் தெரியாதது: பதிவான ஒப்பந்தம் இல்லாதபோது, எந்த நிபந்தனையில் வீடு கொடுக்கப்பட்டது என்று குடியிருப்பவர் சொல்கிறாரோ அதுவே, மாறாக நிரூபிக்கப்படும் வரை, உண்மையாகக் கொள்ளப்படும். டெபாசிட் ஐந்து லட்சம் கொடுத்தேன் என்று அவர் சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

நோட்டரி முத்திரை, கையெழுத்திட்டவர் இன்னார் என்பதற்குச் சாட்சி. அது பதிவுக்கு மாற்றாகாது. புரோக்கர்கள் அதைப் பதிவு என்றே சொல்லிக் கொடுப்பதை என் மேசைக்கு வரும் தாள்களில் அடிக்கடி பார்க்கிறேன்: மேலே சிவப்பு வட்ட முத்திரை, கீழே இரண்டு கையெழுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தின் பதிவு எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக. தயவுசெய்து அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் இந்த மாதமே பதிவு செய்யுங்கள்.

நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை, நடுவர் மூலம் தீர்த்துக்கொள்வதற்கான உடன்பாடு, காலாவதியான கடனைத் தருவதாகச் செய்யும் வாக்குறுதி ஆகியவற்றுக்கும் எழுத்து வேண்டும். முதலாவதற்குப் பதிவும் வேண்டும்.

7 ஆகஸ்ட், காலை 6.50

இரண்டு கேள்விகளுக்குச் சுருக்கமாக.

17 வயதுப் பையன் தவணையில் கைபேசி வாங்கக் கையெழுத்திட்டது அவனைக் கட்டுப்படுத்தாது. மைனரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது 1903இல் மோஹோரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் நிலைநிறுத்திய விதி. கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற இளைஞர் வீட்டை அடமானம் வைத்து 20,000 ரூபாய்க்குப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் மைனர் என்பது கடன் கொடுத்தவரின் ஆளுக்கு முன்பே தெரியும். 18 வயது நிரம்பிய பிறகு "ஒப்புக்கொள்கிறேன்" என்று சொன்னாலும் பழைய ஒப்பந்தத்துக்கு உயிர் வராது. தகப்பனார் உத்தரவாதக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். போட்டிருந்தால் அது தனிக் கதை.

"கையெழுத்துப் போடாவிட்டால் உயிரை மாய்த்துக்கொள்வேன்" என்று மாமனார் மிரட்டியதால், சொத்தில் தன் உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்த அம்மாவுக்கு: அது சுதந்திரமான சம்மதம் அல்ல. கணவர் அப்படி மிரட்டி மனைவியிடமும் மகனிடமும் பத்திரம் வாங்கிய அம்மிராஜு வழக்கில், அது வற்புறுத்தலே என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் 1917இல் முடிவு செய்தார்கள். ஆனால் அத்தகைய பத்திரம் தானாகச் செல்லாததாகிவிடுவதில்லை. ரத்து செய்யும் உரிமை உங்களிடம் இருக்கிறது, அவ்வளவே. அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்தால் அது கைநழுவிப் போகும். இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

9 ஆகஸ்ட், இரவு 9.40

ஆன்டாப் ஹில் பக்கத்துக் கோயில் நிர்வாகி ஒருவரின் கேள்வி. கும்பாபிஷேகத்துக்கு 50,000 தருவதாக நன்கொடைப் பட்டியலில் பெயர் எழுதியவர் இப்போது கையை விரிக்கிறார், வசூலிக்க முடியுமா என்கிறார். கேட்பதற்கு எளிய கேள்வி, ஆனால் மறுபயன் என்றால் என்ன என்பது இதில்தான் நன்றாகப் பிடிபடும்.

ஈடாக எதுவும் இல்லாத வாக்குறுதி, ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தரும் சில விலக்குகளைத் தவிர, செல்லாது. சாமிக்குத் தருகிறேன் என்றவர் திரும்ப எதையும் கேட்கவில்லை. எனவே பொதுவாக வசூலிக்க முடியாது. ஆனால் 1886இல் கல்கத்தாவில் ஒரு வழக்கு நடந்தது. ஹௌரா நகர மண்டபத்துக்கு 100 ரூபாய் தருவதாகக் கையெழுத்திட்டவர் தர மறுத்தார். பட்டியலில் சேர்ந்த தொகையை நம்பி நகர ஆணையர்கள் கட்டட ஒப்பந்தக்காரரோடு ஒப்பந்தம் செய்து பொறுப்பேற்றுக்கொண்டார்கள், அப்படி நடக்கும் என்று தெரிந்தேதான் இவர் கையெழுத்திட்டார், எனவே தர வேண்டும் என்று தீர்ப்பானது. நம்பி ஏற்ற அந்தப் பொறுப்பே மறுபயன். 1930களில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் கோயில் திருப்பணி நன்கொடை ஒன்று வந்தபோது முடிவு எதிர்மாறாக அமைந்தது. திருப்பணி முன்பே தொடங்கிவிட்டது, இந்த நன்கொடையாளரின் வாக்கை நம்பித்தான் எதையும் செய்தோம் என்று காட்ட முடியவில்லை.

ஆகவே அந்த நிர்வாகியிடம் நான் கேட்பது ஒன்றே: ஸ்தபதிக்கு அட்வான்ஸ் கொடுத்தது பட்டியலில் அவர் பெயர் எழுதுவதற்கு முன்பா, பின்பா?

மறுபயன் போதுமானதாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆயிரம் ரூபாய்ப் பொருளைப் பத்து ரூபாய்க்கு மனமார விற்றாலும் செல்லும். அவ்வளவு குறைந்த விலைக்கு ஏன் சம்மதித்தார், உண்மையாகவே சம்மதித்தாரா என்று நீதிமன்றம் சந்தேகப்படலாம். அதற்கு மேல் விலையில் தலையிடாது.

10 ஆகஸ்ட், மாலை 4.15

செம்பூர்க்காரர் மீண்டும்: "வாய்ப்பேச்சு செல்லும் என்று நீங்கள் எழுதுவதைப் படித்துவிட்டு எல்லோரும் எழுதுவதையே நிறுத்திவிடுவார்கள்." இது நியாயமான அச்சம், நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டியதும்கூட. ஒப்பந்தம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அதை நிரூபிக்க முடியுமா என்பது இன்னொரு கேள்வி. பட்டறைக்காரருக்கு இரண்டாவது கேள்வியிலும் வழி கிடைத்தது, அந்த 25ஆம் தேதிச் செய்தியாலும் வங்கிக் கணக்கில் வந்த முன்பணத்தாலும்தான். எழுதுவதற்கு முத்திரைத்தாளைத் தேடி ஓட வேண்டாம். பேசி முடித்த அன்றே என்ன பொருள், எத்தனை, என்ன விலை, எந்தத் தேதி, பணம் எப்போது என்று ஒரே செய்தியில் எழுதி அனுப்பி, "சரியா?" என்று கேட்டு, பதில் வாங்கி வையுங்கள்.

கைபேசிச் செய்தியைச் சான்றாகக் கொடுக்கும்போது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஒரு பகுதியைத் தரப்பினரும் மற்றொரு பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். எனவே அந்தக் கைபேசியை விற்கவோ மாற்றவோ செய்திகளை அழிக்கவோ வேண்டாம்.

12 ஆகஸ்ட், இரவு 11.10

பட்டறைக்காரரின் கடைசிக் கேள்வி: "மீதி 180 பையையும் தைத்து அனுப்பிவிட்டு முழுப் பணத்தையும் கேட்கட்டுமா?"

வேண்டாம். பைகள் தேவையில்லை என்று கடைக்காரர் சொன்னவுடன், ஒப்பந்தச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு இழப்பீடு கேட்கும் உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. ஆனால் 73ஆம் பிரிவின் விளக்கம், இழப்பைக் குறைக்க உங்களுக்கு என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தெரிந்தே தைத்த 180 பைகளின் செலவை அவர் தலையில் கட்ட முடியாது.

நீங்கள் கொடுத்த எண்களையே வைத்துக் கணக்குப் போடுகிறேன். தைத்த 120 பைகளின் ஒப்பந்த விலை 46,800. கடைப் பெயர் குத்திய மூடியைப் பிரித்துப் புது மூடி வைக்கப் பைக்கு 35 ரூபாய் ஆகும், மாற்றிய பிறகு 250க்கு விற்கலாம் என்கிறீர்கள். கைக்கு வருவது 25,800. இழப்பு 21,000. தைக்காத 180 பைகளுக்குத் தோல் இன்னும் வெட்டப்படவில்லை, அது வேறு வேலைக்குப் பயன்படும். எனவே அவற்றில் பைக்கு 90 ரூபாய் லாபம் மட்டுமே போனது, அது 16,200. மொத்தம் 37,200. கையில் இருக்கும் முன்பணம் 20,000 கழித்தால் அவர் தர வேண்டியது 17,200 ரூபாய்.

நோட்டீஸில் இந்தக் கணக்கை அப்படியே எழுதச் சொல்லுங்கள். மூடி மாற்றுவதற்கு முன் 120 பைகளையும் கடைப் பெயர் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். விற்கும் ஒவ்வொரு பைக்கும் பில் போடுங்கள். வழக்குத் தொடுக்க, அவர் ஒப்பந்தத்தை மீறிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. ஆனால் நோட்டீஸை இந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.